வகைச்சொல்லை அடுத்துவரும் பெயர்: ஆங்கில இலக்கணப் பயிற்சியும் வன்னித் தமிழும்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் தமிழ் மாணவர் இழைக்கும் பிழைகளைப் பற்றி நம்மவர் பேசத் தொடங்கினால், காலங்காட்டும் வினைகளும் 'ஏ', 'த' என்னும் முன்னடைகளுமே முதலிடம் பெறும். அவற்றோடு ஒப்பிடுமிடத்து மிகச் சிறியதாகத் தோன்றும் சிக்கலொன்று இக்கட்டுரையின் பொருளாகின்றது. வகை என்னும் கருத்துடைய சொல்லை, அதாவது ஆங்கிலத்திலே 'கைன்ட்', 'சோட்', 'டைப்' என்பவற்றை, அடுத்துவரும் பெயர் ஒருமையில் நிற்றல் வேண்டுமா, பன்மையில் நிற்றல் வேண்டுமா என்பதே அச்சிக்கல். ஓர் எழுத்து ஏறுவதும் இறங்குவதுமான செய்திதானே என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆயின் அவ்வோர் எழுத்தின் பொருட்டுப் புள்ளி குறைக்கப்படுகின்றது. குறைத்தவர் கூறும் காரணம் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அதனினும் மேலாக, ஆங்கிலப் பாடத்தில் உருவான இவ்வச்சம் தமிழ்ப் பாடத்திலும் புகுந்து, தமிழ் மரபுக்கு முற்றிலும் இயைந்த தொடர்களைப் பிழையென அடிக்கச் செய்கின்றது. எனவே இரு மொழிகளின் இயல்பையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது.

ஆங்கிலத்தின் நிலையை முதலிற் கூறிவிடலாம். ஒரே வகையைச் சுட்டும்போது 'திஸ் கைன்ட் ஒவ் ட்றீ' என்பர். வகைச்சொல்லும் ஒருமை, அதனை அடுத்த பெயரும் ஒருமை. வகைகள் பலவாயின் 'கைன்ட்' என்பது 'கைன்ட்ஸ்' ஆதல் வேண்டும். இதில் ஐயமில்லை. ஆயின் அதன் பின்வரும் பெயர் இரு வடிவிலும் வரலாம். 'த்றீ கைன்ட்ஸ் ஒவ் ட்றீ' என்பதும் நல்ல ஆங்கிலமே; 'த்றீ கைன்ட்ஸ் ஒவ் ட்றீஸ்' என்பதும் நல்ல ஆங்கிலமே. முன்னையது சற்று இறுக்கமான எழுத்து நடையைச் சார்ந்தது. பின்னையது எங்கும் பரவி வழங்குவது. 'றைஸ்', 'வோட்டர்' போன்ற எண்ணலாகாப் பொருட்பெயர் வருமிடத்து ஒருமையன்றி வேறு வழியே இல்லை: 'ஃபோர் கைன்ட்ஸ் ஒவ் றைஸ்'. ஆகவே, வகைகள் பலவாயின் பொருளும் பலவாதல் வேண்டும் என்று வகுப்பறையிலே சொல்லப்படும் விதி ஆங்கிலத்தின் விதியன்று. நம் கைந்நூல்கள் எளிமை கருதி ஆக்கிக்கொண்ட விதி அது.

இனி, ஆங்கிலேயரே தடுமாறும் இடமொன்றுண்டு. 'தீஸ் கைன்ட் ஒவ் ட்றீஸ்' என்று, முன்னே பன்மைச் சுட்டும் நடுவே ஒருமை வகைச்சொல்லும் பின்னே பன்மைப் பெயருமாக அவர்கள் பேசுவர். இலக்கண ஆசிரியர் இதனை நெடுங்காலமாகக் கண்டித்து வந்துள்ளனர். ஆனால் இது கல்லாதார் வழக்கு மட்டுமன்று. சேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்திலே கோண்வால் கோமகன் வாயிலாகவே இவ்வமைப்பு வருகின்றது. 1926ஆம் ஆண்டில் ஆங்கில வழக்குப் பற்றிய தமது அகராதியை வெளியிட்ட ஃபவுலர், அச்சிலே இதனைத் தவிர்ப்பது எளிது, அவசரப் பேச்சிலே இதனை மன்னிப்பதும் ஏறக்குறைய அத்துணை எளிது என்னும் கருத்துப்பட எழுதினார். கடுமைக்குப் பெயர்பெற்ற ஓர் ஆசிரியரே இவ்வளவு தாராளம் காட்டியிருப்பது கவனிக்கத்தக்கது. நம் கைந்நூலாசிரியரிடம் இத்தாராளத்தைக் காண்பது அரிது.

இத்தடுமாற்றத்துக்கு வரலாற்றுக் காரணமுண்டு. பழைய ஆங்கிலத்திலே இனம் என்னும் பொருள்தந்த சொல், ஆறாம் வேற்றுமை வடிவமேற்றுப் பிறிதொரு பெயருக்கு அடையாக நின்றது. 'எல்லா இனத்தினதுமான பொருள்' என்பது போன்ற அமைப்பு அது. அங்கே தலைமைச் சொல் 'பொருள்'. 'இனம்' அதற்கு அடை மட்டுமே. காலப்போக்கில் வேற்றுமை ஈறுகள் தேய்ந்தன. 'ஒவ்' என்னும் சொல் இடையே புகுந்தது. அடையாயிருந்த 'கைன்ட்' தலைமைச் சொல்லாக மாறியது; தலைமையாயிருந்த பொருட்பெயர் அதற்குப் பின்னே தொங்குவதாயிற்று. இலக்கணம் இவ்வாறு தலைகீழான பின்னரும் பேசுவோர் மனத்திலே பழைய உறவு முற்றாக அழியவில்லை. அவர்கள் எண்ணுவது மரங்களைப் பற்றி. 'கைன்ட் ஒவ்' என்பது அம்மரங்களுக்கு ஓர் அடை. ஆதலினாலேயே முன்னுள்ள சுட்டு, நடுவே நிற்கும் ஒருமையைத் தாண்டிச் சென்று பின்னேயுள்ள பன்மையோடு இயைகின்றது.

இவ்வளவையும் ஏன் விரித்துரைத்தேனெனில், ஆங்கிலம் கைவிட்ட அப்பழைய உறவையே தமிழ் இன்றும் உயிரோடு வைத்திருக்கின்றது. 'மூன்று வகை மரம்' என்னும் தொடரிலே வகை என்பது அடை. மரம் தலைமைச் சொல். இதனை ஒரு சிறு சோதனையால் அறியலாம். 'மூன்று வகை மரம்' என்பது தமிழ். 'மூன்று வகை மரங்கள்' என்பதும் தமிழ். 'மூன்று வகைகள் மரம்' என்பதோ, 'மூன்று வகைகள் மரங்கள்' என்பதோ எவர் செவிக்கும் ஒவ்வாது. 'கள்' ஈறு தலைமைச் சொல்லிலன்றி அடையில் ஏறாது என்பதே காரணம். சொற்களின் இடத்தை மாற்றி 'மூன்று மர வகைகள்' என்றால், வகை தலைமையாகி விடுகின்றது. உடனே அது 'கள்' ஏற்கின்றது. அடையாகிவிட்ட மரம் அதனை இழக்கின்றது.

இப்பொழுது மாணவனின் விடைத்தாளுக்கு வருவோம். வன்னிப் பாடசாலைகளிலே ஆங்கிலம் கற்ற எவரும் இதனைக் கண்டிருப்பர். எமது வட்டாரத்துக் காடுகளிலுள்ள பாலை, முதிரை, கருங்காலி ஆகியவற்றைப் பற்றி எழுதப் புகுந்த மாணவன் 'த்றீ கைன்ட் ஒவ் ட்றீ' என்று எழுதுகின்றான். 'கைன்ட்' என்பதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. 'ட்றீ' என்பதன் கீழே இன்னொரு சிவப்புக் கோடு. இரண்டுக்கும் ஒரே குறிப்பு: பன்மை. யான் கற்ற பாடசாலையொன்றிலே இவ்விரு கோடுகளுக்கும் தனித்தனியே புள்ளி குறைக்கும் வழக்கம் இருந்தது. ஆயின் இவ்விரண்டும் ஒருதன்மையன அல்ல. முதலாவது மெய்யாகவே பிழை. ஆங்கிலத்தில் 'கைன்ட்' தலைமைச் சொல்லாதலின், மூன்று என்னும் எண்ணுக்கு இயைய 'கைன்ட்ஸ்' ஆகியே தீர வேண்டும். இரண்டாவது பிழையன்று. முதற்சொல்லைத் திருத்திக்கொண்டால் 'த்றீ கைன்ட்ஸ் ஒவ் ட்றீ' என்னும் சரியான ஆங்கிலத் தொடர் கிடைக்கின்றது. ஆசிரியர் அடித்த இரு கோடுகளுள் ஒன்று அவருடைய கற்பனையிலுள்ள விதிக்கு அடித்த கோடு.

முதற்பிழையையும் கவனக்குறைவு என்று தள்ளிவிட இயலாது. தமிழிலே வகை 'கள்' ஏற்காத இடத்திலிருந்து அம்மாணவன் வருகின்றான். அவனுடைய மொழியறிவு அங்கே ஒழுங்காகவே தொழிற்படுகின்றது. இயங்கும் களம்தான் வேறு. இதனை அறிந்த ஆசிரியர் அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றேயொன்று: தமிழில் வகை அடை, ஆங்கிலத்தில் 'கைன்ட்' தலைமை. இச்செய்தியை விளங்கிக்கொண்டவன் 'சோட்ஸ் ஒவ்', 'டைப்ஸ் ஒவ்', 'பாக்ஸ் ஒவ்' ஆகிய அனைத்தையும் ஒருங்கே விளங்கிக்கொள்வான். அதற்கு மேலும் ஒரு வாய்ப்புண்டு. ஆங்கிலத்திலும் அடையாக நிற்கும் அளவுச்சொல் பன்மை ஏற்பதில்லை. 'ஃபைவ் ஏக்கர் ஃபீல்ட்' என்பரேயன்றி 'ஏக்கர்ஸ் ஃபீல்ட்' என்னார். ஐந்து ஏக்கர் வயல் என்று வீட்டிலே நாளும் கேட்கும் பிள்ளைக்கு இதனைவிட நல்ல உதாரணம் வேண்டுமோ? தமிழும் ஆங்கிலமும் ஒத்துச்செல்லும் இடத்தை முதலிற் காட்டி, பிரியும் இடத்தைப் பின்னர் காட்டுவதே முறை. நம் பயிற்சி நூல்களோ எடுத்த எடுப்பிலே பிழை திருத்துக என்று தொடங்குகின்றன.

இனித் தமிழ் இலக்கண மரபை நோக்குவோம். அஃறிணை இயற்பெயர்கள் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பன என்பதும், அவற்றின் எண் வினையினால் அறியப்படும் என்பதும் தொல்காப்பியர் கொள்கை. 'கள்' என்னும் ஈற்றை அவர் அறிவார். அஃது அஃறிணைப் பெயரோடு சேர்ந்து பன்மை உணர்த்தும் என்பதையும் கூறுவார். ஆயின் அதனைக் கட்டாயம் ஆக்கினாரல்லர். நன்னூலார் இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என வகுத்தார். மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன என இரண்டும் செல்லும். உரையாசிரியர் ஒருபடி மேலே சென்று சாதியொருமை என்னும் கருத்தையும் ஆண்டனர். சொல் ஒருமையாயினும் அது ஓர் இனம் முழுவதையும் தழுவி நிற்பதை அது குறிக்கும். வகைச்சொல்லை அடுத்துவரும் ஒருமைப் பெயரை விளக்குவதற்கு இதனைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை வேற்று மொழியிலே தேட வேண்டியதில்லை. நால்வகை நிலம், எண்வகை மெய்ப்பாடு, அறுசுவை, முக்கனி ஆகிய தொடர்கள் அனைத்தும் இம்மரபின் வழிப்பட்டன. ஆறுமுகநாவலர் போன்றோர் இலக்கண உரைநடையிலே பெரிதும் கையாண்ட 'இத்தனை வகைப்படும்' என்னும் முடிபையும் இங்கு நினைக்கலாம். சொல் நான்கு வகைப்படும் என்னும்போது எழுவாயும் ஒருமை, பயனிலையும் ஒருமை. பன்மையை எண் ஒன்றே சுமக்கின்றது. ஆங்கிலம் இச்செய்தியைச் சொல்ல 'கைன்ட்ஸ்' என்றும் 'ஆர்' என்றும் இரு இடங்களிலே பன்மையைக் காட்ட வேண்டியுள்ளது.

1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், அஃறிணைப் பெயர்களின் பன்மையைத் திராவிட மொழிகள் பெரும்பாலும் வெளிப்படக் காட்டாது, இடம் நோக்கி அறிய விட்டுவிடுவதைக் குறித்துச் சென்றார். வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் புலப்பட்ட இவ்வியல்பு, உள்ளிருக்கும் நமக்குப் பிழையாகத் தோன்றத் தொடங்கியமை விந்தையே.

பிழையாகத் தோன்றத் தொடங்கிற்று என்றேன். அதற்குச் சான்று தமிழ்க் கட்டுரைத் தாள்களில் உள்ளது. 'பத்து மாடு மேய்ந்தன' என்று எழுதும் மாணவனுக்கு 'மாடுகள்' என்று மேலே திருத்தம் எழுதப்படுகின்றது. 'பலவகை மீன் கிடைக்கும்' என்றால் 'மீன்கள்'. திருத்துவோரிடம் காரணம் வினவினால், பத்து என்பது பன்மையன்றோ என்பர். இது தமிழிலக்கண நூலிலிருந்து எடுத்த காரணமன்று. ஆங்கிலப் பாடத்திலே கேட்டு மனத்திற் பதிந்தது. மொழிபெயர்ப்பு நடை இதற்கு உரமூட்டுகின்றது. பாடக்குறிப்புகளிலே 'பல்வேறு வகையான தாவரங்கள்', 'இவ்வகையான விலங்குகள்' என்பவை ஒரே அச்சில் வார்த்தவை போல வந்துகொண்டேயிருக்கும். புவியியற் குறிப்புகளிலே 'மண்கள்' என்னும் சொல்லையும் காண்கின்றோம். செங்கபில மண்ணும் வண்டல் மண்ணும் இருவகை மண். அவற்றை 'இருவகை மண்கள்' என்றால் மேலதிகமாக நாம் அறிந்துகொண்டது யாது?

இவ்விடத்திலே மறுதலையான ஒரு கூற்றையும் ஆராய வேண்டும். எண்ணையும் வகையையும் அடுத்துவரும் 'கள்' முழுவதும் ஆங்கிலத் தாக்கம், ஆதலால் அதனை அறவே களைய வேண்டும் என்போர் நம்மிடையே உளர். எமது துறையின் கருத்தரங்குகளிலே இக்குரல் வலுத்தே ஒலிப்பதுண்டு. இதனையும் ஏற்பதற்கில்லை. அஃறிணையிலே 'கள்' வருதல் தொல்காப்பியர் அறிந்த வழக்கு. அஃறிணைக்கேயுரிய அவ்வீறு 'அர்' ஏற்ற உயர்திணைப் பன்மையின் மீதும் ஏறிவிட்டமையைத் திருக்குறளிலேயே ஓரிரு இடங்களிற் காணலாம். ஆங்கிலேயர் இந்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே 'கள்' தன் எல்லையை விரித்துக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். ஆங்கிலம் செய்தது வேறு. விருப்பாயிருந்ததைக் கட்டாயம் என்று எண்ணும் மனப்பாங்கை அது தந்தது. நோய் அங்கேயிருக்க, 'கள்'ளை வெட்டியெறிவது மருத்துவமாகாது. அவ்வாறு வெட்டினால், தமிழர் தம் பேச்சிலே நுண்ணிதாகப் பேணிவரும் பொருள் வேறுபாடொன்றையும் சேர்த்து வெட்டியவராவோம்.

அவ்வேறுபாடு யாதென்பதை அறிய இலக்கண நூலைவிட வன்னி வயல்வெளி நல்ல ஆசான். கமக்காரர் ஒருவர் தம் அயலவரைப் பற்றிக் கூறும்போது, 'அவரிட்ட நூறு மாடு நிக்குது' என்பார். அதே கமக்காரர் தம் வயலைப் பார்த்துப் பதறும்போது, 'மாடுகள் வயலுக்கை இறங்கிட்டுதுகள்' என்பார். முன்னையதிலே மாடு ஒரு செல்வக் கணக்கு. தனித்தனி மாடுகள் அவர் கண்முன் நிற்கவில்லை. பின்னையதிலே கண்முன்னே, கால்களும் கொம்புகளுமாக, பயிரை மிதித்துக்கொண்டு நிற்கின்றன. பெயரிலே மட்டுமன்றி வினையிலும் பன்மை ஏறிவிடுகின்றது. எழுத்துத் தமிழிலே 'இறங்கின' என்று ஒழுங்காக அமையும் பன்மையைப் பேச்சுத் தமிழ் இழந்துவிட்டது என்பாருக்கு, 'இறங்கிட்டுதுகள்' என்னும் ஈழத்து வடிவம் தக்க விடை. பேச்சுத் தமிழ் பன்மையை இழக்கவில்லை. வேண்டுமிடத்துக்கென்று சேமித்து வைத்திருக்கின்றது.

அளவுச்சொற்களை அடுத்தும் இதே நிலைதான். இரண்டு மூடை நெல்லு, ஒரு பட்டி மாடு, நாலு கட்டு விறகு, ஐஞ்சு சோடி செருப்பு. வெட்டிய நெற்கதிரை உப்பட்டி உப்பட்டியாக எண்ணிச் சூடு வைத்த காலத்திலும் உப்பட்டிக்குக் 'கள்' ஏறியதாகத் தெரியவில்லை. அலகாக எண்ணப்படுவது வெறும் பெயராகவே நிற்கும்.

இதிலே மிகவும் சுவையானது 'ஆள்' என்னும் சொல்லின் வழக்கு. உயர்திணைப் பெயர் பன்மை காட்டியே தீர வேண்டும் என்பது பொதுவிதி. பலவகை மனிதர் என்போமேயன்றிப் பலவகை மனிதன் என்னோம். மூவேந்தர் என்போம், மூவேந்தன் என்பதில்லை. ஆயினும், 'நாளைக்கு அருவி வெட்டுக்குப் பத்து ஆள் வேணும்' என்பது வன்னியெங்கும் கேட்ட வாக்கியம். (இயந்திரம் வந்தபின் அருவி வெட்டுக்கு ஆள் தேடுவார் குறைவு, தொடர் மட்டும் பிற வேலைகளுக்குக் கைமாறியுள்ளது.) பத்து ஆள் என்பது பத்து மனிதரன்று, பத்து நாட்கூலி. யார் வருவார் என்பது பேசுவோருக்கு ஒரு பொருட்டன்று. மறுநாள் வேலை முடிந்தபின் அவரே, 'பத்து ஆக்கள் வந்தவை' என்றோ 'பத்துப் பேர் வந்தவை' என்றோ கூறுவார். வேண்டும்போது ஆள்; வந்தபின் ஆக்கள். ஓரிரவுக்குள் அவர்கள் எண்ணிலிருந்து மனிதராகிவிட்டனர். இம்மாற்றத்தை 'கள்' என்னும் ஈறு செய்கின்றது. எண்ணுக்குப் பின் 'கள்' கட்டாயம் என்னும் ஆசிரியரும், எண்ணுக்குப் பின் 'கள்' கூடாது என்னும் தூய்மைவாதியும் இவ்வேறுபாட்டை ஒருசேர அழித்துவிடுகின்றனர்.

குடும்பம் என்னும் சொல்லையும் இவ்வாறே நோக்கலாம். 2009ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலே இருந்து மீண்ட எம்மூர்ப் பெரியோர் அந்நாட்களைப் பேசும்போது, தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் நின்ற வரிசையை 'நாற்பது குடும்பம்' என்று எண்ணிக் கூறக் கேட்டிருக்கிறேன். அங்கே குடும்பம் பங்கீட்டுக்குரிய ஓர் அலகு. அவர்களே தம் பழைய அயலைப் பற்றிப் பேசுங்கால் 'எங்கட ஒழுங்கையில இருந்த குடும்பங்கள்' என்பர். அக்குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு, முகமுண்டு, இன்று சிலவற்றுக்கு ஆளில்லை. இவ்விரு வழக்குகளையும் ஒரே வடிவமாக்கித் திருத்துபவர் திருத்துவது எழுத்தையா என்பது என் ஐயம்.

'பிள்ளை' என்பது இன்னுமொரு வகையாக நடக்கின்றது. பொருளால் உயர்திணையாயினும் எண்ணும்போது 'மூண்டு பிள்ளை'. செயலைக் கூறும்போது 'பிள்ளையள் பள்ளிக்குடம் போட்டுதுகள்' என அஃறிணை முடிபு. குழவி, மகவு, விருந்து முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனத் தொல்காப்பியர் கூறியதன் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளத் தோன்றுகின்றது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு வன்னி மாந்தரைப் பேசவிட்ட நாவல். உரையாடலிலும் ஆசிரியர் கூற்றிலும் எண்ணை அடுத்த பெயர் எவ்வாறு நிற்கின்றது என்பதை அதிலே தேடிப்பார்க்க விரும்பும் மாணவருக்கு நல்ல வேலை காத்திருக்கின்றது. இத்தகைய வழக்குகளை வன்னியிற் சேகரித்துத் தொகுத்தல், சொற்களை மட்டும் பட்டியலிடும் நமது வட்டார வழக்காய்வுகளுக்கு ஒரு புதிய திசையைக் காட்டும்.

பிறமொழிகளைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். துருக்கியும் ஹங்கேரியும் எண்ணுக்குப் பின் பெயரை ஒருமையிலேயே நிறுத்தும். வங்காளத்திலே எண்ணோடு ஒரு வகைக்குறி ஒட்டுமேயன்றிப் பெயர் பன்மை ஏற்பதில்லை. இத்தகைய குறிகளைக் கட்டாயமாகக் கொண்ட மொழிகளிலே பன்மையீறு பெரும்பாலும் கட்டாயமாகாது என கிறீன்பேர்க் 1972ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நம் அயலிலுள்ள சிங்களமோ எதிர்த்திசையிற் செல்கின்றது. அங்கே 'பொத' என்பது ஒரு நூல். 'பொத்' என்பது நூல்கள். ஒருமைதான் நீளம், பன்மை குறுக்கம். மூன்று நூல்களை எண்ணும்போது பன்மையாகிய 'பொத்' முன்னே நிற்க, எண் பின்னே வரும். மும்மொழிப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வளரும் வவுனியாப் பிள்ளைக்கு இம்மூன்று ஒழுங்குகளும் நாளாந்தம் கண்ணிற் படுகின்றன. அவற்றுள் ஆங்கிலத்தின் ஒழுங்கு மட்டுமே இயற்கையானது என்று அப்பிள்ளைக்குக் கற்பிப்பதற்கு நியாயமில்லை.

இச்சிக்கலைப் பாடசாலையோடு முடிந்துவிடுவதாகவும் கருதலாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997 முதல் இயங்கி, 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும், கிளிநொச்சி அறிவியல்நகரில் அமைந்த விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்களிலும் ஆங்கிலம் பாடத்தைக் கற்கும் ஊடகமாகின்றது. விவசாயம் கற்கும் மாணவர் ஆங்கிலத்திலே நெல்லைப் பற்றிப் படித்துவிட்டு, 'நீங்கள் எத்தனை நெல் வர்க்கங்களைப் பயிரிடுகிறீர்கள்' என்று கமக்காரரிடம் வினவுவார். கமக்காரர் 'ரண்டு இன நெல்லு' என்பார். இரண்டும் தமிழே. ஒன்றிலே வகை தலைமை, மற்றதிலே நெல் தலைமை. வினவுபவருக்கு வேண்டியது வகைப்பாடு. விடை கூறுபவர் மனத்திலிருப்பது விதைத்த நெல். இவ்வேறுபாட்டை அறிந்த மாணவர் கமக்காரரின் விடையைக் கொச்சையென எண்ணமாட்டார். தம் அறிக்கையிலே அதனை ஆங்கிலப்படுத்தும்போது 'டூ கைன்ட்ஸ் ஒவ் றைஸ்' என்று வகைச்சொல்லுக்கு மட்டும் பன்மை தந்து சரியாகவும் எழுதுவார்.

நவீன எழுத்துத் தமிழின் இயல்புகளை உள்ளபடி விளக்கும் நூல்கள் நம் நாட்டிலேயே தோன்றியுள்ளன. அ. சண்முகதாஸின் 'தமிழ்மொழி இலக்கண இயல்புகள்' (1982), எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) ஆகியவை பல்கலைக்கழக மாணவர் கைகளிலே தவழ்வன. ஆங்கிலம் கற்பிக்கப் போகும் ஆசிரியர் இவற்றைத் தொடுவதில்லை; தமிழ் கற்பிப்போர் ஆங்கில வழக்கு நூல்களைத் திறப்பதில்லை. இருவரும் ஒரே பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துகின்றனர்.

அவ்விடைத்தாளைத் திருத்துவோருக்கு இவ்வளவு கேட்கலாம். 'த்றீ கைன்ட்ஸ் ஒவ் ட்றீ' என எழுதியவருக்கு முழுப்புள்ளி வழங்குக. 'த்றீ கைன்ட் ஒவ் ட்றீஸ்' என எழுதியவருக்கு ஒரு புள்ளி குறைத்து, தமிழிலே வகை அடையாய் நிற்பதை ஓரத்தில் ஒரு வரியால் எழுதுக. 'த்றீ கைன்ட் ஒவ் ட்றீ' என எழுதியவருக்கும் குறைக்க வேண்டியது அதே ஒரு புள்ளியே, இரண்டன்று. தமிழ்த் தாளிலே 'பத்து மாடு மேய்ந்தன' என்பதைத் தொடாது விடுக. 'பத்து மாடுகள் மேய்ந்தன' என்பதையும் தொடாது விடுக. 'பத்து மாடுகள் மேய்ந்தது' என்று எவரேனும் எழுதியிருந்தால், சிவப்புப் பேனாவுக்கு அங்கே வேலையுண்டு.